ஒரே கேமை ஏன் ரெண்டு தரம் செய்தவை? போக்கிமொன் ரீமேக்குகளின்ர பின்கதை

போன மாசம் என்ர மருமகன், அக்கான்ர மோன், பன்ரெண்டு வயசு, கொக்குவில் வீட்டு விறாந்தையில இருந்து போன்ல ஃபயர்ரெட் எண்ட போக்கிமொன் கேமை விளையாடிக்கொண்டிருந்தவன். நான் அலுமாரி ஒதுக்கேக்க அம்பிட்ட என்ர பழைய போக்கிமொன் கோல்ட் கேம் கசற்றைச் சாறத்தின்ர தலைப்பால துடைச்சுக்கொண்டு இருந்ததைக் கண்டிட்டு, "மாமா, இந்தக் கேமெல்லாம் முதலும் வந்ததாம் பேந்தும் வந்ததாம், உது ஏன் ஒண்டையே ரெண்டு தரம் செய்தவங்கள்?" எண்டு கேட்டான். படத்தை வடிவாக்கத்தான் எண்டு சொல்லிப்போட்டு நான் என்ர பாட்டில இருந்திருக்கலாம், கனபேர் சொல்லுற மறுமொழியும் அதுதான், ஆனா அது சரியான மறுமொழி இல்லை. சரியான மறுமொழி சொல்ல வெளிக்கிட்டா கொஞ்சம் நீளும், அவனுக்கு அண்டைக்குச் சொன்னதைத்தான் இதில இன்னும் விரிவா எழுதுறன்.

முதல்ல ஒண்டு. பழைய கேமை அப்பிடியே எடுத்து புது மிசினில ஓட வைக்கிறது வேற, பழைய கேமைப் பாத்து முதலில இருந்து திருப்பிக் கட்டுறது வேற. ரீமேக் எண்டா ரெண்டாவது. போக்கிமொன் எண்டது வினோத மிருகங்களைப் பிடிச்சு வளர்த்துச் சண்டைக்கு விடுற கேம் வரிசை, அந்த மிருகங்களுக்கும் போக்கிமொன் எண்டுதான் பேர். போக்கிமொன்ல முதல் முதல் வந்த ரீமேக், 2004இல வந்த ஃபயர்ரெட்டும் லீஃப்கிறீனும், வந்ததுக்கு முக்கியமான காரணம் படம் பழசாப் போனது இல்லை, பழைய கேமுக்கும் புதுக் கேமுக்கும் நடுவில இருந்த பாதை அறுந்து போனது. அறுந்ததை ஒட்டத்தான் அந்த ரீமேக் வந்தது எண்டுறது என்ர முடிவு. அதைச் சொல்ல, அறுந்தது எது எண்டதில இருந்து தொடங்கவேணும்.

யப்பானில 1996 பெப்ரவரி 27இல ரெட், கிறீன் எண்டு ரெண்டு கசற், நிண்டெண்டோ கொம்பனியின்ர கேம்போய் எண்ட கையில பிடிச்சு விளையாடுற மிசினுக்கு வந்தது. கேம்போய் அப்ப ஏற்கனவே ஏழு வருசப் பழசு, 1989இல வந்த சாமான். செய்தது கேம் ஃபிரீக் எண்ட கொம்பனி, அதைத் தொடங்கின சடோஷி தஜிரி தோக்கியோவுக்குப் பக்கத்தில மச்சிடா எண்ட இடத்தில வளர்ந்தவர், சின்னனில பூச்சி பிடிச்சுத் திரிஞ்ச ஆள். ரெண்டு கேம்போயை வயரால தொடுக்கிறதைப் பாத்ததும் அவருக்கு அந்த வயருக்குள்ளால பூச்சி ஊர்ந்து மற்றப் பக்கம் போற மாதிரித் தோன்றினதாம், முழுக் கேமும் அந்த ஒரு நினைப்பில இருந்து வந்தது. எங்களுக்கு இது விளங்குறது கஸ்டமில்லை. பொன்வண்டைப் பிடிச்சு நெருப்புப் பெட்டிக்குள்ள இலையோட போட்டு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், உன்ர பச்சையைத் தா என்ரயைத் தாறன் எண்டு மாத்தினவைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. பிடிக்கிறது பாதி, மாத்திறது பாதி. ரெட்டில சிலது வராது, கிறீனில சிலது வராது, மொத்தம் இருக்கிற 151 இனத்தையும் சேர்க்க இன்னொரு ஆள் கட்டாயம் வேணும், கடாப்ரா, ஹோன்டர் மாதிரி சிலதுகள் மற்ற ஆளின்ர மிசினுக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அடுத்த உருவத்துக்கு மாறும்.

அந்தக் காலத்துக் கசற்றுக்குள்ள இடம் எவ்வளவு இறுக்கம் எண்டதை ஒருக்காப் பாருங்கோ. யப்பான் ரெட் முழுக்க அரை மெகாபைட், இண்டைக்குப் போன்ல எடுக்கிற ஒரு போட்டோவ விடச் சின்னது. பிடிச்சதைக் கேமுக்குள்ள இருக்கிற ஒரு பெட்டியில போட்டு வைக்கலாம், அப்பிடி வைக்கிற ஒரு போக்கிமொனுக்கு, பேரை விட்டுப் பாத்தா, 33 பைட்தான். அது என்ன இனம், எந்த லெவல், எவ்வளவு உயிர், என்ன நாலு அடி அடிக்கும், எவ்வளவு அனுபவம், ஆர் பிடிச்சது எண்ட நம்பர், எல்லாம் அந்த 33க்குள்ள. போன்ல தமிழில "கொக்குவில்" எண்டு தட்டினா அந்த ஒரு சொல்லுக்கே 30 பைட் போகுது, ஒரு ஊரின்ர பேருக்குப் போற இடத்தில ஒரு முழு மிருகத்தை அடைச்சிருக்கினம். கேம் முடியிற நேரத்தில, பிழை பாக்கிறதுக்கு வச்சிருந்த கோட்டைக் கழட்டினதும் கிட்டத்தட்ட 300 பைட் மிஞ்சினது, அந்த இடத்துக்குள்ளதான் ஷிகெகி மொரிமொட்டோ எண்டவர் ஒருத்தருக்கும் பெரிசாச் சொல்லாம மியூ எண்ட கடைசிப் போக்கிமொனைச் செருகினவர். இந்தப் பேரை நினைவில வச்சிருங்கோ, பிறகு திரும்ப வருவார்.

1999 நவம்பர் 21இல கோல்ட், சில்வர். இன்னும் 100 போக்கிமொன், மொத்தம் 251, புது நாடு ஜோட்டோ, அதை முடிச்சா ரெட் நடந்த பழைய நாடு கான்டோவுக்கும் போகலாம். ரெட்டோட வயர் கொழுவி இங்கேயும் அங்கேயும் மாத்தலாம். எனக்குப் பெரிய விசயம், அதுக்குள்ள மணிக்கூடு இருந்தது. கசற்றுக்குள்ளயே ஒரு மணிக்கூட்டுச் சிப், ஒரு சின்ன வட்டப் பற்றரி, மிசினை நிப்பாட்டி வச்சாலும் உள்ளுக்க நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியில இருட்டினா கேமிலயும் இருட்டும், இரவில மட்டும் வாறது இரவில மட்டும் வரும், வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு குகைக்குள்ள லாப்ரஸ் எண்ட போக்கிமொன் வந்து நிக்கும். அந்த நேரம் ஹால் லாபரட்டரி எண்ட கேம் கொம்பனியின்ர தலைவரா இருந்த சட்டோரு இவட்டா, பிறகு நிண்டெண்டோவின்ர தலைவரா வந்தவர், இந்தக் கேமின்ர படங்களைச் சுருக்கி அடைக்கிற ஒரு கருவியைத் தானே எழுதிக் குடுத்தவர். அதுக்குள்ளயும் பழைய கேமின்ர சண்டை விதிகளை மூலக் கோட்டை வாசிச்சு, ஒரு கிழமை அளவில நிண்டெண்டோ 64 எண்ட ரீவியில விளையாடுற மிசினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். ஒரு கொம்பனித் தலைவர் இருந்து இப்பிடிக் கோட் எழுதினவர் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு.

இதெல்லாம் நடக்கேக்க யாழ்ப்பாணத்தில என்ன நிலைமை எண்டதையும் சொல்லவேணும், ஏனெண்டா கேம்போய் எண்டது பற்றரியில ஓடுற சாமான், முதல் கேம்போய்க்கு நாலு பென் டோர்ச் பற்றரி வேணும். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையில இஞ்ச பற்றரி வரவே தடை. அப்பா சொல்லுவார், சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில வாற கரண்டில ரேடியோச் செய்தி கேட்டவையாம். அப்பிடியொரு இடத்துக்கு கேம்போய் எங்கால வாறது. 2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தாப் பிறகுதான் வெளிநாட்டுச் சனம் நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு வரத் தொடங்கினது, 2003 ஓகஸ்ட்டில பெரியம்மா குடும்பம் தொறொன்டோவில இருந்து வந்தவை, அண்ணா ரெண்டு கேம்போய் கலர் கொண்டு வந்தவர், ஒண்டு தனக்கு, ஒண்டு எனக்கு. ஓமந்தையிலயும் முகமாலையிலயும் இருந்த சோதனைச் சாவடியளில பாக்கைத் திறந்து காட்டிக் காட்டி வந்து சேர்ந்த அந்த ஊதாக் கலர் மிசினை நான் மூண்டு நாள் தலையணைக்குக் கீழ வச்சுப் படுத்தனான். எனக்குக் கோல்ட், அவருக்குச் சில்வர். வயரும் இருந்தது, அண்ணா நிண்ட மூண்டு கிழமையும் முற்றத்து வேம்புக்குக் கீழ இருந்து மாத்தி மாத்தி விளையாடினனாங்கள்.

அவர் திரும்பிப் போகேக்க என்னட்ட ஒரு அப்ரா 11 லெவலில இருந்தது. ரெண்டு மாசத்தில அது கடாப்ரா ஆச்சுது. அதின்ர கடைசி உருவமான அலகசாம் ஆகிறதுக்கு ஒராளுக்கு அனுப்பவேணும், அனுப்ப ஆளில்லை, கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி எல்லாத்திலயும் விசாரிச்சுப் பாத்தனான், கேம்போய் வச்சிருந்த பெடியன் ஒருத்தன்கூட அம்பிடேல்ல. 2006 ஓகஸ்ட்டில பாதையும் திரும்பப் பூட்டுப்பட்டுப் போச்சு. என்ர கடாப்ரா கடைசி மட்டும் கடாப்ராவாத்தான் இருந்தது.

இப்ப அறுந்த கதைக்கு வாறன். 2002 நவம்பர் 21இல கேம்போய் அட்வான்ஸுக்கு ரூபி, சஃபயர் வந்தது. புது மிசின், 32 பிட், ஸ்கிறீன் பெரிசு, கலர் வடிவு. ஆனா கோல்ட்டில இருந்து ஒரு போக்கிமொனையும் இதுக்குள்ள கொண்டுவர ஏலாது. ஏன் ஏலாது எண்டதுக்கு அந்த 33 பைட்டுக்குத் திரும்பிப் போகவேணும். பழைய கேமில ஒவ்வொரு போக்கிமொனுக்கும் பிறவிக்குணம் மாதிரி ஒரு நம்பர் இருக்கு, ஒவ்வொரு பலத்துக்கும் நாலு பிட், அதாவது 0இல இருந்து 15 மட்டும். ரூபியில அதை அஞ்சு பிட் ஆக்கி 31 மட்டும் கொண்டுபோயினம், உயிர்ப் பலத்துக்குத் தனி நம்பர் குடுத்தினம், சுபாவம் எண்டு ஒண்டு புதுசு, இயல்புத் திறமை எண்டு ஒண்டு புதுசு, இதெல்லாத்தையும் தீர்மானிக்க 32 பிட்டில ஒரு அடையாள நம்பர். பெட்டிக்குள்ள ஒரு போக்கிமொனுக்கு, பேரோட சேத்து, 80 பைட். பழைய 33ஐக் கொண்டந்து 80க்குள்ள போட்டா மிச்ச இடத்தில எதை எழுதுறது, இல்லாத குணத்தை ஆர் முடிவெடுக்கிறது. அதோட கேம்போய் அட்வான்ஸில பழைய கசற் ஓடேக்க அது உள்ளுக்க இன்னொரு பழைய மிசினா மாறித்தான் ஓடும், அந்த நிலையில நிக்கிற மிசினும் புது நிலையில நிக்கிற மிசினும் வயரால கதைக்காது. ஒருத்தர் அரிச்சுவடி மாத்திப்போட்டார், மற்றவர் பழைய எழுத்திலயே நிக்கிறார், அப்பிடித்தான்.

இதால வந்த கேடு என்னெண்டா, ரூபி சஃபயரின்ர கோட்டுக்குள்ள 386 போக்கிமொன் எழுதியிருக்கு, ஆனா பிடிச்ச இனங்களைப் பதியிற அந்த நாட்டுப் புத்தகத்தில இருக்கிறது 202தான். மிச்சத்தைப் பிடிக்கிறதுக்கு இடமும் இல்லை, பழைய கேமில இருந்து கொண்டுவர வழியும் இல்லை. பூல்பாசோர், சார்மாண்டர் எண்டு முழு உலகத்துக்கும் தெரிஞ்ச ஆக்கள் வீட்டுக்கு வெளியில நிக்கினம், கதவு பூட்டு. இந்தக் கதவைத் திறக்கத்தான் 2004 ஜனவரி 29இல யப்பானில ஃபயர்ரெட்டும் லீஃப்கிறீனும் வந்தது, அமெரிக்காவுக்கு செப்டம்பர், ஐரோப்பாவுக்கு ஒக்டோபர். பழைய நாடு, பழைய ஊர், பழைய கதை, ஆனா புது 80 பைட்டில பிறக்கிற போக்கிமொன். இதில பிடிச்சதை வயரால ரூபிக்கு அனுப்பலாம். வயரில்லாம அனுப்புற ஒரு சின்ன அடாப்டரையும் பெட்டிக்குள்ளயே வச்சு வித்தவை.

என்னைப் பிடிச்சு நிறுத்தின விசயம் இதுதான்: அந்த ஒட்டுற வேலையைக் கேமுக்குள்ளயே கதையா வச்சிருக்கினம். பழைய ரெட்டில நாலு பெரியாக்களை வெண்டதும் கதை முடிஞ்சுது. ஃபயர்ரெட்டில அதுக்கு மேலதிகமா செவீ தீவுகள் எண்டு ஏழு தீவு, பழைய கேமில இல்லாத இடம். முதலாம் தீவில செலியோ எண்ட ஒரு பெடியன், தூர நாட்டோட போக்கிமொன் மாத்திற மிசின் ஒண்டை வச்சிருக்கிறான், அது வேலை செய்யாது, அதைச் சரிப்படுத்த ரெண்டு கல்லு வேணும். ஒண்டு மாணிக்கம், ஒண்டு நீலம். ரூபியும் சஃபயரும்! போன கேமின்ர ரெண்டு பேரையும் கல்லாக்கித் தேட விட்டு, அதைக் கொண்டந்து குடுத்தாத்தான் உண்மையிலயே அந்த ரெண்டு கேமோடையும் மாத்திற வழி உங்கட கசற்றில திறக்கும். ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கதையாக்கி, அதைத் திருத்திற வேலையை விளையாடுற பிள்ளையின்ர கையில குடுத்திருக்கினம். மருமகன் அந்தக் கல்லு ரெண்டும் ஏதோ சும்மா சாமான் எண்டு நினைச்சு ஓடியோடி எடுத்திருக்கிறான், நான் இதைச் சொன்னதும் போனை மடியில வச்சிட்டு என்னை நிமிந்து பாத்தான்.

சரி, திருப்பிக் கட்டேக்க எதை வச்சிருக்கிறது எதை விடுறது. பழைய ரெட் 8 பிட் மிசினுக்கு அசெம்பிளி எண்ட, அந்தந்த மிசினுக்கு மட்டும் பொருந்துற மொழியில எழுதினது, அதில இருந்து ஒரு வரியும் புது மிசினுக்கு வராது. அதால ரூபி சஃபயருக்குச் செய்த எஞ்சினை, அதாவது கேமை ஓட்டுற அடிக் கோட்டை, எடுத்து, அதுக்கு மேல பழைய வரைபடத்தைத் திருப்பிக் கீறினவை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த எங்கட ஆக்கள் வீடு கட்டினது இப்பிடித்தான், சுவர் இல்லை, கூரை இல்லை, அத்திவாரமும் கிணறும் நிண்டது, அந்த அத்திவாரத்துக்கு மேலயே புதுக்கல்லில எழுப்பி, சாமியறை இருந்த மூலையில சாமியறையையே வச்சவை. கதை தொடங்கிற பலட் டவுனில உங்கட வீட்டு வாசலுக்கும் புரொபெசர் ஓக்கின்ர லாபுக்கும் இடையில கால் நடக்கிற வழி பழைய ஆக்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், அதை மாத்தேல்ல.

ஆனா ஒண்டை அவையால காப்பாத்த ஏலேல்ல, அதை ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்ல, ஸ்கிறீன். இந்தக் கேமில எல்லாம் 16க்கு 16 புள்ளிக் கட்டம், ஒரு எட்டு வச்சா ஒரு கட்டம். கேம்போய் ஸ்கிறீன் 160க்கு 144 புள்ளி, அதாவது அகலம் பத்துக் கட்டம், உயரம் ஒன்பது கட்டம். பத்து இரட்டை எண் எண்டதால நீங்கள் சரியா நடுவில நிக்க ஏலாது, இடப்பக்கம் நாலு கட்டம் தெரியும், வலப்பக்கம் அஞ்சு. இடப்பக்கத்தால ஒராள் வந்து மறிக்கிறது எப்பவும் ஒரு கட்டம் பிந்தித்தான் உங்களுக்குத் தெரியவரும். அட்வான்ஸில 240க்கு 160, பதினைஞ்சுக்குப் பத்து, ரெண்டு பக்கமும் ஏழு ஏழு. அதே குகை, அதே சுவர், அதே திருப்பம், ஆனா மூலைக்கு அங்கால என்ன நிக்குது எண்டது முதலே தெரிஞ்சுபோகும். ரொக் டனலில வழி தவறின பயம் பாதி அந்தச் சின்னச் சதுரத்தால வந்தது. வரைபடத்தை அச்சுப் பிசகாம வச்சாலும் யன்னல் பெரிசானா அறை சின்னனாப் போகும் எண்டுறது இதைப் பாத்தாத்தான் விளங்கும்.

பிழைகளையும் சொல்லவேணும். பழைய ரெட்டில நூற்றுக்கு நூறு படும் எண்டு எழுதியிருக்கிற அடிகூட 256இல ஒரு தரம் தவறும். காரணம் சின்னன்: 0இல இருந்து 255 மட்டும் ஒரு நம்பரை எடுத்து அது 255ஐ விடக் குறைவோ எண்டு கேட்டிருக்கினம், 255ஏ வந்து விழுந்தா குறைவில்லைத்தானே, அடி தவறும். கூர்மையா அடிக்கிற வாய்ப்பைக் கூட்டவேண்டிய ஒரு வித்தை கூட்டாமல் கால்வாசியாக் குறைக்கும். பேய் வகை மனோசக்தி வகைக்குப் பலமா இருக்கவேண்டியது, கணக்குப் பிழையால ஒண்டுமே செய்யாது, அதாலதான் மனோசக்தி வகையான அலகசாம் அந்தக் காலத்தில அசைக்க ஏலாத ஆளா நிண்டது. பெட்டியில 20 நிரம்பினா நீங்களாப் போய்ப் பெட்டியை மாத்தோணும், இல்லாட்டி அடுத்ததைப் பிடிக்க விடாது. ஃபயர்ரெட்டில இதெல்லாம் போச்சு, புது எஞ்சின்ர விதி அப்பிடியே வந்தது, 30 30 ஆ 14 பெட்டி, தானா அடுத்ததுக்குப் போகும். நல்லதுதான், நான் பிழைக்கு வக்காலத்து வாங்கேல்ல. ஆனா அலகசாமை ஒருத்தராலயும் அடிக்க ஏலாது எண்டு கதை கேட்டு வளர்ந்த ஒரு பெடியன் அங்க போய் அது ரெண்டு அடியில விழுறதைக் கண்டா, இது அந்த ஆள் இல்லையே எண்டுதான் தோன்றும். புது வீட்டுக்குப் புதுப் பிழையும் வந்தது, ஃபயர்ரெட்டில நாடு முழுக்க ஓடித்திரியிற ராய்க்கூவோ என்ரெய்யோ சண்டையில உறுமி உங்களைக் கலைச்சுதெண்டா அது அந்தக் கசற்றில திரும்பவே வராது.

151 எண்ட எண்ணிக்கையைக் காப்பாத்த அவை எடுத்த முடிவு இன்னும் சுவாரசியம். கோல்பாட் எண்ட போக்கிமொன், கோல்ட் கேம் வந்த காலத்தில இருந்து, குரோபாட் எண்ட புது உருவத்துக்கு மாறும், புது எஞ்சினுக்கும் அது தெரியும். ஆனா ஃபயர்ரெட்டில நீங்கள் கதையை முடிச்சு 60 இனமும் பிடிச்சு, எல்லா நாட்டு இனத்தையும் பதியிற தேசியப் புத்தகம் வாங்கிற மட்டும், கோல்பாட் மாறத் தொடங்கித் தொடங்கி இடையில நிண்டுபோகும். 1996 ஆம் ஆண்டு இன்னும் முடியேல்ல, நீ பொறு எண்டு சொல்லுற மாதிரி. சிலருக்கு அது எரிச்சல், எனக்கு அது சரியான முடிவு.

நான் மன்னிக்காத ஒண்டும் இருக்கு. ஃபயர்ரெட்டில மணிக்கூடு இல்லை. ரெட்டில இல்லாதது எண்டு விட்டிருக்கலாம், ஆனா அதால இரவு இல்லை, பகல் இல்லை, நேரத்தைப் பாத்து மாறுற ஈவி எண்ட போக்கிமொன் அதுக்குள்ள எஸ்பியொனாவோ அம்பிரியொனாவோ மாறாது. மருமகனுக்கு போக்கிமொனில கிழமை எண்டு ஒண்டு இருந்ததே தெரியாது.

மணிக்கூடு திரும்பி வந்தது அடுத்த ரீமேக்கில. 2009 செப்டம்பர் 12, நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு ஹார்ட்கோல்ட், சோல்சில்வர். இயக்குநர் ஆர் தெரியுமோ, 300 பைட்டுக்குள்ள மியூவை அடைச்ச அதே மொரிமொட்டோ. இந்தத் தரம் அவருக்கு 128 மெகாபைட் கசற். இடமில்லாத காலத்தில வெட்டினதை இடம் கிடைச்ச காலத்தில ஒண்டொண்டாத் திருப்பி வச்சிருக்கிறார், அதைப் பாக்கப் பாக்க எனக்கு மனசு நிறையும். கோல்ட்டில கான்டோவுக்குத் திரும்பிப் போனா விரிடியன் காடு ஒரு ஒடுங்கின பாதையாச் சுருங்கியிருக்கும், சினபார் தீவு எரிமலை வெடிச்சு வெறுங்கல்லாக் கிடக்கும், சஃபாரி பூட்டு. சின்னனில இதெல்லாம் ரெட்டின்ர கதைக்குப் பிறகு மூண்டு வருசத்தில நடந்த கதை எண்டு நம்பினனான், வளர்ந்தாப் பிறகுதான் விளங்கினது, இடம் காணாததைக் கதையால மூடியிருக்கினம். ஹார்ட்கோல்ட்டில காடு காடாவே வந்தது, சீஃபோம் தீவின்ர குகை வந்தது. ஆனா எரிமலை வெடிச்சது வெடிச்சதுதான், சினபாரைத் திருப்பிக் கட்டேல்ல, இடம் இருந்தும் கட்டேல்ல. ஏனெண்டா அந்தக் கல்லுக்கு மேல நிண்ட துக்கம் ஏற்கனவே கதையாப் போச்சு, அதை எடுத்தா கோல்ட் விளையாடினவையின்ர ஞாபகத்தைப் பொய்யாக்கிற மாதிரி. எது வறுமையால வந்தது எண்டு தெரிஞ்சும், அதில எது இப்ப எங்கட சொத்து எண்டு பிரிச்சுப் பாத்திருக்கிறார்.

பாட்டும் அப்பிடித்தான். கேம்போய்க்கு நாலே நாலு சனல், ரெண்டு சதுர அலை, ஒரு தனி அலை, ஒரு இரைச்சல், அந்த நாலை வச்சுத்தான் முழு இசையும். ஹார்ட்கோல்ட்டில புது வாத்தியத்தோட திருப்பி அமைச்சவை, அதோட விடாம கேமின்ர கடைசிப் பக்கமா ஒரு சாமான் தருவினம், அதைப் போட்டா எல்லாப் பாட்டும் பழைய நாலு சனல் சத்தத்தில கேக்கும். உங்கட வரிசையில முதலாவதா நிக்கிற போக்கிமொன் உங்களுக்குப் பின்னால நடந்து வரும், திரும்பிப் பாத்துக் கதைக்கலாம். போக்கிவோக்கர் எண்டு ஒரு சின்ன வட்டச் சாமானும் பெட்டிக்குள்ள வரும், இன்ஃப்ரா ரெட்டால ஒரு போக்கிமொனை அதுக்குள்ள இறக்கி இடுப்பில கொழுவிக்கொண்டு நடக்கலாம், இருபது எட்டுக்கு ஒரு வாட் சேரும். நெருப்புப் பெட்டிக்குள்ள பொன்வண்டு கொண்டு போனவைக்கு இது ஆர் சொல்லி விளங்கவேணும். நேரத்துக்கு டிஎஸ் மிசின்ர மணிக்கூட்டையே பாவிச்சதால கசற்றுக்குள்ள பற்றரி தேவையில்லை. 1 கோடி 27 இலட்சம் வித்தது, என்ர மனசில இண்டைக்கும் முதலிடம் இதுக்குத்தான்.

பிறகு வந்ததுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். 2014இல 3டிஎஸ்ஸுக்கு ரூபி சஃபயரின்ர ரீமேக், வானத்தில பறந்து திரியலாம், வடிவு. 2018இல சுவிச்சுக்கு வந்த லெட்ஸ் கோ, காட்டில பிடிக்கேக்க சண்டையே இல்லை, பந்து எறியிறது மட்டும், புதுசாத் தொடங்கிற பிள்ளையளுக்குச் செய்தது. 2021 நவம்பர் 19இல டயமன்ட், பேர்ள் ரீமேக், கேம் ஃபிரீக் தானாச் செய்யாம இல்கா எண்ட வேற கொம்பனிட்டக் குடுத்தது. அது வரைபடத்தைக் கட்டத்துக்குக் கட்டம் அப்பிடியே வச்சது, ஆனா இடையில வந்த பிளாட்டினம் எண்ட பதிப்பில திருத்திச் சேர்த்த கனக்க விசயத்தை எடுக்கேல்ல. அத்திவாரத்தைக் காப்பாத்தினவை, பிறகு கட்டின அறையை மறந்திட்டினம். பழைய ரெட்டை மாத்தாம அப்பிடியே 2016இல 3டிஎஸ்ஸில விட்டவை, கோல்ட்டை 2017இல, அதில இருந்து புதுக் கேமுக்கு போக்கிமொனை ஏத்தவும் வழி செய்தவை, பதினைஞ்சு வருசம் பிந்தியெண்டாலும் செய்தவை. ஆனா 2023 மார்ச்சில 3டிஎஸ்ஸின்ர இணையக் கடை பூட்டினதோட புதுசா வாங்கிறதும் முடிஞ்சுது. 2004 ஃபயர்ரெட்டில பிடிச்ச ஒரு போக்கிமொன் டிஎஸ், 3டிஎஸ் எண்டு மிசின் மிசினா ஏறி இண்டைக்கு சுவிச் மட்டும் வந்து சேர ஏலும். என்ர கோல்ட் கசற்றில நிண்ட கடாப்ராவுக்கு அந்தப் பாதை ஒரு நாளும் இருந்ததில்லை.

நிண்ட எண்டு சொல்லுறன், ஏனெண்டா அது இப்ப இல்லை. கசற்றைத் துடைச்சுப்போட்டுப் போட்டுப் பாத்தா தொடர் எண்ட வரியே வரேல்ல, புது ஆட்டம் எண்டதுதான் முதல் வரி. மணிக்கூடு ஓடின கசற் எண்டபடியால ரெட்டை விட இதுக்குள்ள பற்றரி கெதியா முடியும், பற்றரி முடிஞ்சா சேவும் போகும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில போன் திருத்திற ஒரு அண்ணையிட்ட மருமகனையும் கூட்டிக்கொண்டு போனனான். கசற்றின்ர பின்பக்க ஆணி சாதாரண ஸ்குரூ ட்ரைவருக்குச் சுத்தாது, அதுக்கு வேற வாய். அண்ணை ஒரு பழைய போல் பொயின்ற் பேனையின்ர மூடியில்லாத பக்கத்தை லைட்டரால சூடாக்கி, இளகினதும் ஆணிக்கு மேல வச்சு அமத்திப் பிடிச்சார், ஆறி இறுகினதும் அந்த ஆணியின்ர அச்சு பேனையில விழுந்திருந்தது, அதாலயே சுத்திக் கழட்டினார். உள்ளுக்க ஐஞ்சு சத அளவில வட்டப் பற்றரி, சி.ஆர். 2025, ரெண்டு பக்கமும் தகரம் ஒட்டி. ஈயத்தை உருக்கிப் பழசை எடுத்துப் புதுசைப் பிடிச்சார், "தம்பி, உள்ளுக்க இருந்தது எல்லாம் போயிருக்கும், தெரியுந்தானே" எண்டு கேட்டார். ஓமண்ணை எண்டனான்.

வீட்டை வந்து போட்டனாங்கள். புது ஆட்டம். கோல்ட் தொடங்கேக்க முதல் கேக்கிறது பேர் இல்லை, இப்ப எத்தினை மணி எண்டுதான் கேக்கும். மருமகன் என்னை விலத்திப்போட்டுத் தன்ர போனைப் பாத்து, "ஆறே முக்கால் மாமா, பின்னேரம்" எண்டான். பேந்து கேமுக்குள்ள அம்மா வந்து இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டா. அவனுக்கு அது புதுசு, ஒரு கேம் தன்னட்டக் கிழமை கேக்குது. புதன் எண்டு போட்டான். லாப்ரஸ் வெள்ளிக்கிழமையில மட்டும் வரும் எண்டு நான் சொன்னது அவனுக்கு நினைவிருந்திருக்கு, "அப்ப நாளையிண்டைக்கு வருமே" எண்டான். வரும், ஆனா அங்க போக நீந்தத் தெரிஞ்ச போக்கிமொன் வேணும், ஊர் ஊரா வெண்டு நாலு பட்ச் எடுக்கவேணும், இந்த வெள்ளிக்கு ஏலாது எண்டனான். எழும்பிப் போய்ச் சுவரில கிடந்த கலண்டரில அடுத்த வெள்ளியையும் அதுக்கடுத்த வெள்ளியையும் பேனையால வட்டம் போட்டிட்டு வந்து, மிசினை என்னட்ட இருந்து வாங்கி, வீட்டுக்குள்ள இருந்து வெளியில இறங்கினான். கேமிலயும் இருட்டியிருந்தது.